மௌனப்படம் போடுவதற்கு முன் ஒரு நோட்டுப் பக்கம்

“நூறு வருஷத்துப் படம்தானே டீச்சர், இதுக்குப் போய் யார் வந்து கேக்கப் போறா?”

மண்டபத்துச் சாவியைக் கையில் கொடுக்கும்போது எங்கள் கோயில் தலைவர் இப்படித்தான் கேட்டார். “கேக்க மாட்டாங்க அண்ணே. ஆனா கேட்டா பதில் சொல்லத் தெரியணும்ல” என்றேன். சிரித்துவிட்டு, எந்தச் சுவிட்சு விளக்குக்கு, எந்தச் சுவிட்சு விசிறிக்கு என்று காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பள்ளி விடுமுறை வந்தால் நாங்கள் சிலர் சேர்ந்து பிள்ளைகளுக்குப் பழைய மௌனப்படம் போடுகிறோம். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். பால் மரங்கள் (ரப்பர்) போய்ச் செம்பனை நிற்கும் தோட்டங்கள். கூடவே வரும் பாட்டிகள் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, “ஊமைப்படமா? எங்க காலத்துல பெரட்டுக் களத்துல (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் திடல்) வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவாங்க” என்று தொடங்கிவிடுவார்கள். பேச்சே இல்லாத படத்துக்கு நல்ல கூட்டம்.

இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊர்க்காரர்களும் கேட்கிறார்கள்: இந்தப் படங்களுக்கு யாரிடம் அனுமதி வாங்குவது? வாங்கத்தான் வேண்டுமா? போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது, அதனால் எழுதிவைக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, பள்ளிக்கூடத்து ஆசிரியை. பெரிய பணம் புரளும் காரியம் என்றால் வழக்கறிஞரைப் பாருங்கள். மண்டபத்தில் துணி கட்டிப் படம் போட இது போதும்.

முதலில் சொல் சுத்தம்

பலரும் ‘காப்புரிமை’ என்கிறார்கள். அது கண்டுபிடிப்புகளுக்கு. கதை, பாட்டு, படம் இவற்றுக்கு உள்ளது பதிப்புரிமை. மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்து நிறுவனத்துக்குப் போன் போட்டுக் காப்புரிமை என்று கேட்டால் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டால் அந்தப் படைப்பு எல்லோருக்கும் பொது. இதைச் சிலர் ‘பொதுவுடைமை’ என்று எழுதுகிறார்கள். சுங்கை சிப்புட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் பெரியவர்களுக்குக் கம்யூனிஸ்டுகளை எதிர்த்து அறிவித்த 1948 அவசரகாலம்தான் நினைவுக்கு வரும். ஆகவே நான் ‘பொதுச் சொத்து’ என்றே சொல்கிறேன். ‘நாட்டுடைமை’ என்பதும் இது இல்லை. 1949-ல் பாரதியின் எழுத்துகளை அன்றைய சென்னை அரசு தன் கைக்குக் கொண்டுவந்தது நாட்டுடைமை. அங்கே அரசு முடிவெடுத்து உரிமையை வாங்குகிறது. பொதுச் சொத்துக்கு யாரும் முடிவெடுக்க வேண்டாம். காலண்டர் ஒரு பக்கம் திரும்பினால் போதும், தானாக ஆகிவிடும்.

கையில் இருப்பது எந்தப் பிரதி?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் வழுக்கி விழுவது இங்கேதான். படத்தின் பெயரைப் போட்டுத் தேடுவார்கள், ‘1921’ என்று வரும், ‘அப்பாடா, பழசு’ என்று மேலே போய்விடுவார்கள். ஆனால் ஒரு மௌனப்படம் என்பது ஒரே பொருள் இல்லை. வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வோர் அடுக்குக்கும் பிறந்த ஆண்டு வேறு.

சாப்ளினின் ‘தி கிட்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பிள்ளைகளுக்கு இதை எத்தனை முறை போட்டாலும் சலிக்காது. பையன் கல்லெறிந்து கண்ணாடியை உடைப்பான், பின்னாலேயே சாப்ளின் கண்ணாடி மாட்டுகிற ஆளாக வந்து நிற்பார். 1921-ல் வெளியான இந்தப் படம் சுமார் 68 நிமிடம் ஓடும். 1971-ல் சாப்ளினே அதைத் திரும்ப எடுத்து, சில காட்சிகளை வெட்டி, தானே இசையமைத்துச் சேர்த்தார். அந்தப் பிரதி 53 நிமிடம். இணையத்தில் இரண்டும் ஒரே பெயரில்தான் கிடக்கின்றன.

ஆகவே கடிகாரத்தைப் பாருங்கள். உங்கள் கோப்பு 53 நிமிடத்தை ஒட்டி இருந்தால், அது பெரும்பாலும் 1971 பிரதி. அப்புறம் தொடக்க எழுத்துகளை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். ‘இசை: சார்ல்ஸ் சாப்ளின்’ என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். 1921-ல் படத்தோடு ஒட்டிய இசை கிடையாது. அரங்கில் ஆள் உட்கார்ந்து வாசித்தார்கள்.

நீளத்தை வைத்துக் கண்டுபிடிப்பதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. மௌனப்படங்கள் நொடிக்கு 16 சட்டம் (ஃபிரேம், ஃபிலிமில் உள்ள ஒவ்வொரு தனிப் படம்), 18 சட்டம், 24 சட்டம் என்று பல வேகத்தில் ஓடின. 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். எனவே நொடிக்கு 16 வேகத்தில் ஆயிரம் அடிச் சுருள் ஆயிரம் நொடி, அதாவது பதினாறே முக்கால் நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். அதையே 24 வேகத்தில் ஓட்டினால் பதினொரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். ஒரு பிரதி சின்னதாக இருக்கிறதென்றால் வெட்டியிருக்கலாம், வேகமாக ஓட்டியும் இருக்கலாம். எல்லோரும் கோழிபோல ஓடுகிறார்கள் என்றால் வேகம்தான் காரணம்.

மலேசியக் கணக்கு

நம் சட்டம் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், எண் 332. அதில் மூன்று பிரிவுகள் தெரிந்தால் நமக்குப் போதும். திரைப்படத்துக்கு 22-ஆம் பிரிவு: படம் முதலில் வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 50 ஆண்டுகள். கதை, பாட்டு, இசையமைப்பு, ஓவியம் இவற்றுக்கு 17-ஆம் பிரிவு: ஆக்கியவரின் ஆயுள், அதன் பிறகு 50 ஆண்டுகள். ஒலிப்பதிவுக்கு 19-ஆம் பிரிவு: பதிவு வெளியானதிலிருந்து 50 ஆண்டுகள்.

‘தி கிட்’ 1921-ல் வந்தது. 1922 ஜனவரியிலிருந்து ஐம்பது எண்ணினால் 1971 டிசம்பர் 31. படமாக அது இங்கே பொதுச் சொத்தாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் 1971-ல் சேர்த்த இசைக்கு வேறு கணக்கு. சாப்ளின் இறந்தது 1977 கிறிஸ்துமஸ் அன்று. அவருடைய இசையமைப்பு இங்கே குறைந்தது 2027 முடியும்வரை உரிமைக்கு உட்பட்டது. ஒரே கோப்பில் படத்துக்குப் பூட்டு இல்லை, இசைக்குப் பூட்டு இருக்கிறது. இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சத்தத்தை நிறுத்திவிட்டுப் போடலாமே என்பீர்கள். சரிதான், நானும் சில நேரம் அதைத்தான் செய்கிறேன்.

எந்த நாட்டில் காட்டுகிறீர்கள்?

உரிமைக் கணக்கு, படம் எடுத்த நாட்டோடு முடிந்துவிடுவதில்லை. நீங்கள் அதை எங்கே பயன்படுத்துகிறீர்களோ அந்த நாட்டுச் சட்டம்தான் உங்களைக் கேள்வி கேட்கும். கோயில் மண்டபத்தில் போட்டால் மலேசியச் சட்டம். இணையத்தில் ஏற்றினாலோ, உலகமே உங்கள் மண்டபம்.

‘மெட்ரோபோலிஸ்’ என்ற ஜெர்மன் படம் இதற்கு நல்ல பாடம். 1927-ல் வெளியானது. மலேசியாவில் 1977-உடன் படத்தின் காலம் முடிந்தது. அமெரிக்காவில் உரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால் 1950-களிலேயே பொதுச் சொத்தானது. பிறகு வெளிநாட்டுப் படைப்புகளுக்கு உரிமையைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் வந்து, 1996-ல் திரும்பப் பூட்டப்பட்டது. ‘ஒருமுறை மக்களுக்குக் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கலாமா?’ என்று சிலர் வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். பிடுங்கலாம் என்று 2012-ல் தீர்ப்பு வந்தது. கடைசியில் 95 ஆண்டுகள் நிறைந்து 2023 ஜனவரி 1-ல் மறுபடி திறந்தது. ஜெர்மனியில் இன்னும் திறக்கவில்லை. அங்கே இயக்குநர், திரைக்கதை எழுதியவர், வசனம் எழுதியவர், படத்துக்கென்றே இசையமைத்தவர் ஆகியோரில் கடைசியாக இறந்தவரிலிருந்து 70 ஆண்டுகள் எண்ண வேண்டும். இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் 1976-ல் இறந்தார். ஆக 2046 முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

அமெரிக்கக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது சுலபம். அந்தக் காலப் படங்களுக்கு அங்கே உச்சபட்சம் 95 ஆண்டுகள். ஒவ்வொரு ஜனவரி 1-லும் ஓர் ஆண்டு திறக்கும். 2024-ல் 1928-ஆம் ஆண்டுப் படங்கள் திறந்தன, 2025-ல் 1929, 2026-ல் 1930. இந்தியாவில் என்றால், படம் வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள்.

இணையத்தில் ஏற்றும் எண்ணமே இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடலாம்.

கதைக்குச் சொந்தக்காரர் வேறு

படத்தின் காலம் முடிந்தாலும், அதற்கு அடியில் இருக்கும் நாவலின் காலம் முடிந்ததா என்று பார்க்க வேண்டும். இது வெறும் பயமுறுத்தல் இல்லை. நம் பக்கத்திலேயே நடந்த கதை இருக்கிறது.

சி. வி. ராமன் பிள்ளை 1891-ல் எழுதிய ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலை நாகர்கோயில்காரரான ஆர். சுந்தர் ராஜ் 1930-களின் தொடக்கத்தில் மௌனப்படமாகத் தயாரித்தார். இயக்கியவர் சென்னையைச் சேர்ந்த பி. வி. ராவ். திருவனந்தபுரத்தில் திரையிட்டார்கள். நாவலின் உரிமையை வைத்திருந்த பதிப்பகம் கமலாலயா புக் டிப்போ. எங்களைக் கேட்காமல் எப்படி எடுத்தீர்கள் என்று வழக்குத் தொடுத்தது, படம் நின்றது. தயாரிப்பாளர் போட்ட பணம் போயிற்று. ஆனால் பாருங்கள், அந்த வழக்கால்தான் ஒரு பிரதி பதிப்பகத்தாரிடம் பத்திரமாகக் கிடந்தது. 1974-ல் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தென்னிந்திய மௌனப்படங்களில் இன்றைக்குப் பார்க்கக் கிடைப்பது கைவிரலில் எண்ணும் அளவுதான். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ படத்துக்கு ஒரு ஃபிரேம்கூட மிஞ்சவில்லை. ஒழுங்காகத் திரையில் ஓடியது அழிந்தது, கோர்ட்டுக்குப் போனது பிழைத்தது.

நாவலாசிரியர் 1922-ல் மறைந்தவர். மலேசியக் கணக்கில் நாவலும் 1972-உடன் முடிந்தது, படமும் முடிந்தது. அப்படியானால் நாளைக்கே போடலாமா? போடலாம், பிரதி கிடைத்தால். உரிமை முடிந்துவிட்டது என்பதற்காகக் காப்பகம் உங்களுக்குப் பிரதி எடுத்துத் தர வேண்டிய கட்டாயம் இல்லை. அவர்களுக்குக் கட்டணம், நிபந்தனை எல்லாம் உண்டு. கிணற்றுத் தண்ணீர் பொது என்றாலும் வாளி யாருடையது என்று கேட்க வேண்டும் அல்லவா, அப்படி.

இசையில்தான் மாட்டுவீர்கள்

நான் மாட்டினேன். ஓர் அமெரிக்கச் சிரிப்புப் படத்தை மண்டபத்தில் போட்டு, பிள்ளைகள் சிரிப்பதையும் சேர்த்துப் படம்பிடித்து, ஒரு காணொளித் தளத்தில் ஏற்றினேன். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் உரிமை கோரி அறிவிப்பு வந்துவிட்டது. எனக்குக் கோபமான கோபம். ‘1920-களின் படம், எவன் உரிமை கேட்பது?’ என்று அன்றிரவே காரசாரமாகப் பதில் எழுதினேன். நல்லவேளை, அனுப்பும் முன் அறிவிப்பை இன்னொரு முறை படித்தேன். அவர்கள் படத்தைக் கேட்கவில்லை. பின்னால் ஓடிய பியானோவைக் கேட்டிருந்தார்கள். அது 1990-களில் பதிவு செய்தது. தப்பு முழுக்க என்னுடையது. காணொளியை எடுத்துவிட்டேன்.

இசையில் இரண்டு அடுக்கு உண்டு என்பதை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் புரிந்துகொண்டேன். தியாகராஜர் 1847-ல் மறைந்தார். அவருடைய கீர்த்தனைக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் அந்தக் கீர்த்தனையை ஒரு வித்வான் போன வருடம் பாடிப் பதிந்தால், அந்தப் பதிவுக்கு உரிமை உண்டு. பியானோவில் வாசித்த பழைய மெட்டுக்கும் அதே கதைதான். மெட்டு பழசு, பதிவு புதுசு.

உள்ளூரில் இலவசமாகக் காட்டுவோருக்குச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 13-ஆம் பிரிவில் வரும் விலக்குகளில் ஒன்று: இலாப நோக்கமில்லாத சங்கமோ அமைப்போ, அறப்பணிக்காகவோ கல்விக்காகவோ, நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில் ஒரு படைப்பைக் காட்டினால் அது உரிமை மீறல் ஆகாது. மண்டபத்தில் டிக்கெட் இல்லாமல் போடுகிற நமக்கு இது பெரிய ஆறுதல். பத்து வெள்ளி டிக்கெட் வைத்தால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும். அப்போது உரிமையில் இருக்கும் இசைக்கு எம்ஏசிபி போன்ற இசை உரிமை அமைப்புகளிடம் உரிமம் கேட்க வேண்டும். இணையத்தில் ஏற்றுவதற்கும் இந்த விலக்கை நம்பாதீர்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. இசையை நாமே போட்டுக்கொள்வது.

எங்கள் பகுதியில் உறுமி மேளக் குழுவுக்குப் பஞ்சமா? திருவிழாவுக்கு வாசிக்கும் பையன்கள் நாலு பேரைக் கூப்பிட்டு ‘தி கிட்’ படத்தைச் சத்தமில்லாமல் இரண்டு முறை போட்டுக் காட்டினேன். முதல் தடவை சிரித்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டாம் தடவை ஒருவன் வளைந்த குச்சியை எடுத்து உறுமித் தோலில் மெல்லத் தேய்க்க ஆரம்பித்தான். திரையில் போலீஸ்காரர் தலை தெரியும்போதெல்லாம் ஒரு ‘உர்ர்ர்’. கல் கண்ணாடியில் படும் இடத்தில் தவிலில் ஒரே அடி. அன்று மாலை மண்டபத்தில் அந்த ‘உர்ர்ர்’ கேட்டதுமே, போலீஸ்காரர் வருவதற்கு முன்பே, பிள்ளைகள் ‘வராரு, வராரு’ என்று கத்தினார்கள். பியானோவை அதற்கப்புறம் யாரும் தேடவில்லை.

இதிலும் ஒரு தாள் வேலை உண்டு. பையன்கள் போட்ட இசை அவர்களுடையது. அதைப் பதிந்து இணையத்தில் ஏற்ற வேண்டுமானால் அவர்களிடம் எழுதி வாங்குங்கள். நம் சட்டப்படி பதிப்புரிமைக்குக் கொடுக்கும் உரிமம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும், வாய்ப்பேச்சு போதாது. நாலு வரி போதும்: யார் வாசித்தது, எந்தப் படத்துக்கு, எந்த நாளில், எங்கே பயன்படுத்தலாம். எல்லோரும் கையெழுத்து. பதினெட்டு வயது ஆகாதவன் இருந்தால் அப்பாவோ அம்மாவோ சேர்ந்து போடட்டும். தம்பிகள் தங்கள் இசையைப் பதிவுசெய்து வைக்க விரும்பினால் மைஐபிஓ-வில் 2012 முதல் தன்விருப்ப அறிவிப்பு முறை இருக்கிறது. கட்டாயம் இல்லை, செய்யாவிட்டாலும் உரிமை போய்விடாது.

இடையில் வரும் எழுத்து அட்டைகளை நான் தமிழில் வாசித்துவிடுவேன். அந்தக் காலக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள் இருப்பார், அது மாதிரி. 1921 அட்டையின் வாசகத்தை நானே மொழிபெயர்த்தால் யாருக்கும் கடன் இல்லை. யாரோ போட்ட சப்டைட்டிலை எடுத்து வாசித்தால்தான் கடன்.

பங்களாவில் கிடைத்த டப்பா

தோட்டத்து ஊர்களுக்கே உரிய கேள்வி ஒன்று அவ்வப்போது வரும். ‘பழைய மேனேஜர் பங்களாவை இடிக்கும்போது ஒரு ஃபிலிம் டப்பா கிடைச்சுது டீச்சர். வெள்ளைக்காரன் காலத்துல தோட்டத்த எடுத்த படம் போலிருக்கு. போட்டுக் காட்டலாமா?’

அவசரப்படாதீர்கள். முதலில் பாதுகாப்பு. ஃபிலிமின் அகலத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 35 மில்லிமீட்டராக இருந்து பழையதாகவும் இருந்தால் அது நைட்ரேட்டாக இருக்கலாம். சுலபமாகத் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீருக்கு அடங்காது. வீட்டுக்குள் வைக்காதீர்கள், விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். வீட்டுப் படம் எடுப்பவர்களுக்காக 1923-ல் வந்த 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் டப்பாவைத் திறந்ததும் காடி நெடி அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடுத்து உரிமை. டப்பா உங்கள் கையில் இருப்பதால் படத்தின் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 22-ஆம் பிரிவு எண்ணத் தொடங்குவது வெளியீட்டிலிருந்து. துரை தன் குடும்பத்துக்காக எடுத்து அலமாரியில் வைத்த படம் வெளியிடப்பட்டதே இல்லையே! ‘1928-ல் எடுத்தது, ஐம்பது வருஷம் ஆச்சு’ என்று அதற்குக் கணக்குப் போட முடியாது. இப்படிப்பட்ட டப்பாவை மலேசியத் தேசிய ஆவணக் காப்பகத்தில் காட்டுவதுதான் நல்லது. அதில் வரிசையாக நிற்கும் பால்மரத் தொழிலாளிகளில் யாரோ ஒருவர் யாருக்கோ கொள்ளுத் தாத்தா. புரொஜெக்டரில் மாட்டிக் கிழித்துவிட்டால் அப்புறம் அழுது பயனில்லை.

நோட்டில் எழுதுவது

நான் ஒவ்வொரு படத்துக்கும் பள்ளி நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குவேன். பிள்ளைகளுக்குப் போட்ட முதல் படத்தின் பக்கம் இதோ. மெலியே என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்த ‘நிலவுக்குப் பயணம்’. நிலாவின் கண்ணில் ராக்கெட் குத்தி நிற்குமே, அதுதான்.

படம்: 1902. மலேசியாவில் 1952-உடன் முடிந்தது. அமெரிக்காவில் எப்போதோ முடிந்தது. மெலியே இறந்தது 1938. பிரான்சின் 70 ஆண்டுக் கணக்கிலும் 2008-உடன் முடிந்தது.

கதை: அவருடையதே. ஜூல்ஸ் வெர்ன், எச். ஜி. வெல்ஸ் நாவல்களின் சாயல் உண்டு. வெர்ன் 1905, வெல்ஸ் 1946. இருவருடையதும் இங்கே முடிந்தது.

நீளம்: சுமார் 845 அடி. 16 வேகத்தில் 14 நிமிடம், 24 வேகத்தில் ஒன்பதரை.

பிரதி: இதற்குச் சிவப்புப் பேனாவில் கோடு போட்டிருக்கிறேன். கையால் வண்ணம் தீட்டிய பிரதி ஒன்று 1993-ல் பார்சிலோனாவில் கிடைத்து, பெரும்பாடுபட்டுச் சீராக்கி, 2011-ல் ‘ஏர்’ என்ற பிரெஞ்சு இசைக்குழுவின் இசையோடு கான் திரைப்பட விழாவில் காட்டினார்கள். அழகென்றால் அப்படியொரு அழகு. ஆனால் அந்த இசை இந்த நூற்றாண்டுடையது. சீராக்கும் வேலைக்குப் புதிதாக உரிமை உண்டா என்பதில் நாட்டுக்கு நாடு வாதம் நடக்கிறது; அதற்குள் நான் தலையைக் கொடுப்பதில்லை. கறுப்பு வெள்ளைப் பிரதி, இசை இல்லாமல்.

எங்கிருந்து எடுத்தது: தளத்தின் பெயர், நாள். இதை மறக்காமல் எழுதுங்கள். ஒரு தளத்தில் ‘பொதுச் சொத்து’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். ஏற்றியவர் யாரோ ஒருவர் டிக் அடித்த கட்டம் அது.

இசை: கீபோர்டு, ஆறாம் ஆண்டு மாணவி. அம்மா கையெழுத்து வாங்கியாயிற்று.

இவ்வளவுதான் பக்கம். கால் மணி நேர வேலை. பின்னால் யாராவது உரிமை கேட்டு எழுதினால் கோபப்படாமல் இந்தப் பக்கத்தைப் பார்த்துப் பதில் எழுதலாம்: எந்தப் படம், எந்த ஆண்டு, எந்தப் பிரதி, எந்தச் சட்டப் பிரிவு, இசை யாருடையது.

மற்ற சில்லறை

பதிப்புரிமை முடிந்தது என்றால் எல்லா அனுமதியும் முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். பொதுவில் காட்டும் படங்களுக்கு 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டம் தனியாக இருக்கிறது. படம் நூறு வயதானாலும் தணிக்கை வாரியத்துக்குப் புதுப்படம்தான். தேதி வைப்பதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். பள்ளியில் என்றால் தலைமையாசிரியர் வழியாகவும், டேவானில் (பொது மண்டபத்தில்) என்றால் ஊராட்சி மன்றத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்ளின் தொப்பி மீசையை டி-சட்டையில் அச்சடித்து விற்று நிதி திரட்டலாமா என்று ஒரு தம்பி கேட்டார். அது படத்தைக் காட்டுவதிலிருந்து முற்றிலும் வேறு விவகாரம், விட்டுவிடுங்கள் என்றேன். விளம்பரத் தாளுக்கு இணையத்தில் கிடைக்கும் புதுப் போஸ்டரை எடுக்காதீர்கள். படத்திலிருந்தே ஒரு ஃபிரேமை நிறுத்தி எடுத்துப் போட்டால் தொல்லை இல்லை.

திரைத் துணியை முதல் நாளே இஸ்திரி போட்டு வையுங்கள். படம் தொடங்கியதும் முன்பக்கத்து மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். எங்கள் மண்டபத்தில் அது இடமிருந்து மூன்றாவது சுவிட்சு. போன தடவை யாரோ அதை மறந்துவிட்டார்கள்; நிலா முழுக்க அலையடித்துக்கொண்டே இருந்தது.